நான்கு வாய்களும் திறந்த படம்

காலையில் சீக்கிரம் எழுவது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இயற்கைப் புகைப்படம் எடுக்கிறவர்கள் விடியலின் அழகைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். எனக்கு விடியல் என்றால் பிசுபிசுத்த வாயும் கண்ணோரப் பீளையும்தான். ஆனால் பறவைகளுக்கு ஏற்ற வெளிச்சம் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்தான் கிடைக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அதனால் எழப் பழகிக்கொண்டேன். சொன்னதைச் செய்கிற ஆள் நான். இதைப் படிக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகப் புரியும்.

நம் புகைப்படச் சங்கத்தின் விசாரணைக் குழுவிலிருந்து நீங்கள் மூவரும் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்ற என் படத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குச்சியின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நான்கு தையல்சிட்டுக் குஞ்சுகளின் விரல்களுக்கு அடியில் பளபளப்பது என்ன என்பது முதல் கேள்வி. பின்னணியில், இடது மூலையில், வெளிறிய வட்டமாகத் தெரிவது என்ன என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. போட்டிக்குப் படம் அனுப்பியபோதே, யாரும் கேட்காமலே, கேமராவிலிருந்து வந்த கைபடாத மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பியவன் நான் ஒருவன்தான். நீங்கள் அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்ததால்தான் இந்தக் கேள்விகளே உங்களுக்கு வந்திருக்கின்றன.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பல் செட் செய்கிறவன். இருபத்தேழு வருடங்களாக ஒரே மேஜை, ஒரே விளக்கு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் முகம் தெரியாத மனிதர்களின் எச்சில் காய்ந்திருக்கும். சில நேரம் கீரைத் துணுக்கு ஒன்று அச்சோடு ஒட்டிக்கொண்டு வரும். மனித வாய் எவ்வளவு அசிங்கமான இடம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அசிங்கத்திலிருந்து சுத்தமான, வரிசையான, ஒன்றோடொன்று பொருந்துகிற ஒரு பொருளை வெளியே எடுப்பதுதான் என் வேலை. மெழுகை ஊசி முனையால் வைப்பேன். ஒரு சொட்டுப் பசையைக் குண்டூசித் தலை அளவுக்கு நிறுத்துவேன். கை நடுங்காது.

புகைப்பட வகுப்பில் சேர்ந்தது என் யோசனை இல்லை. என் மனைவிக்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. புரிந்துகொள்வாள், ஆனால் வாயிலிருந்து வார்த்தை வராது. 'ஆ' என்று ஒரு சத்தம் வரும், அதோடு வாயின் வலது ஓரத்திலிருந்து எச்சில் வழியும். வாரம் மூன்று முறை வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் கைதட்டுகிற பெண். அவள்தான் ஒருநாள் சொன்னாள்: "சார், நீங்களும் ஏதாவது கத்துக்கங்க. எப்பப் பாத்தாலும் அக்காவோட வாயையே முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. அவங்களுக்கும் வர்ற வார்த்தை நின்னுடும்."

அதில் தப்பில்லை. நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் துணியை வைத்துக்கொண்டு, எப்போது வழியும், எப்போது துடைக்கலாம் என்று. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் எச்சில்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் குமட்டியது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் மாடியில். வாத்தியார் உங்கள் மூவரில் ஒருவர்தான். எங்கே போனாலும் கேமரா நிறுத்தும் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டே திரிவதால் அவருக்கு முக்காலி சார் என்று பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் பல்லு சார். முதல் மாதத்தில் மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி வாங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஈடுகட்டத் தெரிந்தால் பாதிக் கலை கைக்கு வந்துவிட்டது என்றார். எனக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. மற்றவர்கள் பயந்து கேமராவின் தானியங்கி ஏற்பாட்டிலேயே சுருண்டு கிடந்தார்கள்.

துளை விஷயத்தில்தான் எனக்கும் வகுப்புக்கும் ஒத்துவரவில்லை. துளையைப் பெரிதாகத் திறந்தால் ஒரு பறவையின் கண் மட்டும் தெளிவாக விழும், முன்னும் பின்னும் மங்கிவிடும். அந்த மங்கலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "பின்னாடி அப்படியே வெண்ணெயா கரையுது பாருங்க" என்பார்கள். எனக்கு அது கண்ணாடியில் எச்சிலைத் தேய்த்த மாதிரி இருந்தது. எஃப் பதினொன்று என்ற சின்னத் துளையில்தான் நான் எடுப்பேன். அதில் முன்னே இருக்கிற குஞ்சும் தெளிவு, கடைசிக் குஞ்சும் தெளிவு, அலகும் தெளிவு, நகமும் தெளிவு. மறைப்பதற்கு இடமில்லை.

அடுத்து கணினியில் படத்தைத் திருத்தும் பாடம் ஆறு வாரம். அங்கேதான் எனக்கு அருவருப்பு வந்தது. வெளுத்த வானத்தை நீலமாக்கினார்கள். காய்ந்த புல்லைப் பச்சையாக்கினார்கள். பிடிக்காத கம்பியை, கிளையை, குப்பையை, பக்கத்திலிருக்கும் வண்ணத்தை எடுத்து அப்பி மூடினார்கள். வகுப்பில் பேக்கரி நடத்தும் ஒருவர் இருந்தார். கேக்கில் ரோஜா போட்டுப் பழகிய கை. ஏரிக்கரையில் எடுத்த ஒரு படத்தில், வேறொரு நாள் வேறோர் இடத்தில் எடுத்த கொக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, போன வருடப் போட்டிக்கு அனுப்பினார். கொக்கின் நிழல் ஒரு பக்கம், கரையிலிருந்த கல்லின் நிழல் வேறு பக்கம் விழுந்திருந்தது. நான்தான் கண்டுபிடித்துப் புகார் எழுதினேன்.

"கொக்கு அங்க வந்து நின்னிருக்கலாம் இல்லீங்களா?" என்று அவர் கூட்டத்தில் கேட்டார்.

"நிக்கலையே" என்றேன்.

"அதுக்கு நான் என்னங்க பண்றது? ரெண்டு மாசம் காத்துக் கிடந்தேன். ஒரு கொக்கும் வரல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினீர்கள். அதற்குப் பிறகு போட்டி விதித்தாளில் ஒரு வரி சேர்ந்தது: 'எடுத்த படத்தில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது.' அந்த வரியை எழுதிக்கொடுத்தவன் நான். உங்கள் குழுவிலிருக்கும் நூலகர் அம்மா அதைத் தட்டச்சு செய்தார். அவருக்கு நினைவிருக்கும்.

இப்போது கூட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. மனைவியின் அறை ஜன்னலுக்கு வெளியே பால்கனி. பெரிய இலைகள் உள்ள ஒரு தொட்டிச் செடி அங்கே இருக்கிறது. நன்றாக இருந்த காலத்தில் அவள் வைத்தது. அதில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பை போலாக்கி, உள்ளே பஞ்சு வைத்துக் கூடு கட்டியது. நான் கவனிக்கவில்லை. அவள்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் ஜன்னலைத் தட்டித் தட்டிக் காட்டினாள். குஞ்சு பொரித்த இரண்டாம் நாள் பயிற்சிக்காரப் பெண் வந்தாள். "அக்கா, உள்ள என்ன இருக்கு? சொல்லுங்க பாப்போம்" என்றாள். என் மனைவி வாயைக் கோணிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, "குஞ்சு" என்றாள். இருபது மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

அந்தப் பெண் கைதட்டினாள், அழுதாள், என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். இருவர் முகத்திலும் ஈரம். நான் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் ஏழு வார்த்தைகள் வந்துவிட்டன. குஞ்சு, அம்மா, இலை. பிறகு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தாய்ப்பறவை இரையோடு வரும்போதெல்லாம் இலைப்பையின் வாயில் தலைகள் எட்டிப் பார்க்கும். அவள் எண்ணுவாள். நான்காவது குஞ்சு கடைசியாகப் பொரித்தது, நோஞ்சான். அது தலை தூக்கும்வரை அவள் காத்திருந்து "நாலு" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பயிற்சிக்காரப் பெண் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல சார்? முதல் ரெண்டு வருஷத்துல வர்றதுதான் வரும். இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. இப்ப வர்றதெல்லாம் பேர்ச்சொல். ஒரே ஒரு வினைச்சொல் வந்துடட்டும், வாக்கியத்துக்கு வழி பிறந்துடும். அதுவரைக்கும் இந்தக் கூட்டை யாரும் தொந்தரவு பண்ணிடாதீங்க" என்றாள்.

போட்டிக்குப் படம் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

முக்காலி சாரும் வகுப்பில் சொல்லியிருந்தார், அதை நான் மறுக்கவில்லை. "கூட்டுப் பக்கம் போகாதீங்க. படம் கெடைக்கலன்னா கெடைக்கல, விட்டுட்டு வாங்க." ஆனால் அது வாய்ப்பேச்சு. விதித்தாளில் அந்த வரி இல்லை. நான் தாளை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

கூட்டுக்கு முன்னால் ஒரு இலை தொங்கிக்கொண்டு நிழல் போட்டது. கணினியில் அதை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அது பொய். நகவெட்டிக் கத்தரிக்கோலால் வெட்டினால் இலை உண்மையிலேயே அங்கே இல்லை, அப்புறம் படத்தில் எப்படி இருக்கும்? இந்த வித்தியாசத்தை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். முதல் நாள் ஐந்து இலைகள் வெட்டினேன். இரண்டாம் நாள் இலைப்பையின் தையலைப் பிரித்தேன். பஞ்சு நூலை இலையில் ஓட்டைபோட்டு இழுத்து, வெளிப்பக்கம் முடிச்சு மாதிரி உருட்டி வைத்திருந்தது அந்தப் பறவை. நல்ல வேலை. பிரிக்க அரை மணி நேரமாயிற்று.

உள்ளே பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். நாம் எல்லாரும் குஞ்சு என்றால் அழகு என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சிவந்த தோல், அதன் வழியே குடல் தெரிகிறது. இறகு வரவேண்டிய இடத்தில் பென்சில் முனைகளைப் போலக் கறுப்புக் குச்சிகள். பின்புறம் வெள்ளை உருண்டையாக எச்சம் வரும். அதைத் தாய் அலகால் கவ்வி எடுத்துப் போகிறது, சில நேரம் விழுங்கியும் விடுகிறது. நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. எது யாருடைய கால் என்று தெரியவில்லை. பலவகை அசிங்கங்களைப் பார்த்த நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை இப்படியே எடுத்தால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

ஒழுங்கு வேண்டும். வரிசை வேண்டும். ஒரு குச்சியை எடுத்து இரண்டு கம்பிகளில் கிடையாகப் பொருத்தி, குஞ்சுகளை அதன்மேல் உட்கார வைத்தேன். உருண்டு விழுந்தன. உங்களில் கால்நடை மருத்துவராக இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும்: இறகு விரியாத குஞ்சின் விரல்களால் குச்சியைப் பற்ற முடியாது. அவர்தான் பரிசளிப்பு அன்று படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார், பிறகு என்னிடம் கை குலுக்காமல் போனார். அப்போதே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

முதல் கேள்விக்குப் பதில் இதுதான். பளபளப்பது பசை. என் வேலைமேஜையில் இருக்கிற, உடனே பிடிக்கிற பசை. ஒரு குஞ்சுக்கு இரண்டு சொட்டு, காலுக்கு ஒன்று. பெரிதிலிருந்து சிறிது வரை வரிசை போட்டுப் பார்த்தேன். கடைசியில் நோஞ்சான் இருந்தால் படம் ஒரு பக்கம் சரிகிறது. அதனால் அதை மூன்றாவதாக வைத்தேன். எல்லாரையும் போலத் துளையைப் பெரிதாகத் திறந்து எடுத்திருந்தால் விரல்கள் மங்கிப் பசை தெரியாமல் போயிருக்கும். எஃப் பதினொன்றில் எடுத்ததால் தெரிகிறது. மோசம் செய்கிறவன் அப்படி எடுப்பானா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தான் என்று பேச்சு வரக் கூடாது. மூன்றாவது குஞ்சு அந்தப் படத்தில் உயிரோடு இல்லை. வெயில் ஏறிவிட்டது, கூடு திறந்து கிடந்தது, அதற்குத் தாங்கவில்லை. தலை தொங்கிவிட்டது. மற்ற மூன்றும் தாயைக் கண்டதும் வாயைப் பிளக்கின்றன, இது மட்டும் வரிசையைக் கெடுத்துக்கொண்டு தொங்குகிறது. கழுத்துக்குப் பின்னால் ஒரு ஊசிக்கம்பி கொடுத்து நிமிர்த்தினேன். அலகைத் திறந்து, இரண்டு தாடைக்கும் நடுவில், உள்ளே தள்ளி, கடுகளவு சிவப்பு மெழுகு வைத்தேன். பல் செட் அச்சு எடுக்கும்போது நாங்கள் வைக்கிற அதே மெழுகு. குஞ்சின் வாய் உட்புறத்து நிறத்தோடு அச்சாகப் பொருந்தியது. பல்லின் நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் சொல்கிறேன், அது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் மூவரும் பெரிதாக்கிப் பார்த்தும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி.

காலை வெயில் எனக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும் என்பதால் கேமராவைப் பால்கனியின் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால் குஞ்சுகளுக்குப் பின்னால் வருவது மனைவியின் அறை ஜன்னல். உள்ளே விளக்கு இல்லாததால் கண்ணாடி கருமையாக, துணி விரித்த மாதிரி ஒரே சீராக இருந்தது. அதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. அவள் வழக்கம்போல ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். அவளை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தினமும் காலையில் அவள் பார்க்கிற காட்சி அது. அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பசைக்குழாயைத் திறந்தபோதே அவள் ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு உள்ளங்கையால் ஓங்கி. "ஒண்ணு" என்று கத்தினாள். "குஞ்சு, குஞ்சு" என்றாள். எனக்குக் கேட்டது. தாய்ப்பறவை கொடிக்கம்பிவரை வரும், சத்தம் கேட்டு விருட்டென்று போய்விடும். இப்படியே ஒன்றரை மணி நேரம். அதற்குள் நோஞ்சான் போய்விட்டது. ஒரு வகையில் அது அவளால்தான். தாயை வரவிட்டிருந்தால் ஒரு வாய் இரையாவது கிடைத்திருக்கும். இதை நான் அவளிடம் குறையாகச் சொல்லவில்லை.

அது போனதும் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். நான் மெழுகு வைப்பதை முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியெல்லாம் எச்சில். நான் உள்ளே போய் அதைத் துடைத்தேன், பின்னணியில் தீற்றலாகத் தெரியும் என்பதற்காக. நான் திரும்புவதற்குள் மறுபடி தட்டத் தொடங்கினாள். இயங்குகிற கை அவளுக்கு இடது கை ஒன்றுதான். என் வேலை ஏப்ரனை அவிழ்த்து அதன் நாடாவால் அந்தக் கையை நாற்காலிப் பிடியோடு சேர்த்துக் கட்டினேன். பருத்தி நாடா, வலிக்காது.

"சத்தம் போடாத. பறவை வராது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து, "விடு" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். எச்சில் தெறிக்க, ஆனால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். பிறகு மறுபடி மறுபடி சொன்னாள். பயிற்சிக்காரப் பெண் காத்திருந்த வினைச்சொல் அதுதான். நான் ஃபிரிட்ஜ் மேலிருந்த நோட்டை எடுத்து, தேதி போட்டு, எட்டாவது வார்த்தை என்று எழுதி, பக்கத்தில் மணியையும் குறித்துவிட்டுத்தான் பால்கனிக்குப் போனேன். கேமராவில் வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தபோதும் அதைத் தள்ளிப் போடவில்லை. அக்கறை இல்லாதவன் செய்கிற காரியமா அது?

எட்டு நாற்பத்தேழுக்குத் தாய் பச்சைப் புழு ஒன்றோடு குச்சியில் இறங்கியது. ஷட்டர் வேகம் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நொடி. நான்கு வாய்களும் திறந்திருந்தன. ஒரே ஒரு படம்தான் அப்படி விழுந்தது.

பசையைக் கரைக்கும் திரவம் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தத் தோல் அதற்குத் தாங்கவில்லை. ஒன்றின் விரல் குச்சியிலேயே தங்கிவிட்டது. மூன்றையும் திரும்பப் பஞ்சில் வைத்தேன், இலைகளை நூல் போட்டுக் கட்டினேன். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை எறும்பு மொய்த்து நாற்றம் வரவே, காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். கை கழுவியும் அந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. தாய்ப்பறவை மட்டும் அடுத்த இரண்டு நாளும் வாயில் புழுவோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை வந்தாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது என்ன தடம்?"

நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். கேமராவைக் கொண்டுவந்து படத்தையும் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "இனிமே எங்கக்காவைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எட்டு வார்த்தை இருக்கிறதே என்று. வாங்கவில்லை.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஒருமுறை போனில் விசாரித்தேன். ஒரு வார்த்தையும் இல்லை என்றாள். 'ஆ' என்ற சத்தம்கூட இல்லையாம். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். "வினைச்சொல் வந்துச்சே, நான் எழுதி வெச்சிருக்கேனே" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். போன வாரத்தோடு டாக்டர் சொன்ன இரண்டு வருடம் முடிந்தது. பயிற்சியில் எங்கோ கோட்டைவிட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆக, நீங்கள் கேட்ட வெளிறிய வட்டம் என் மனைவியின் முகம். துளை சின்னது என்பதால் பின்னணி முழுதாக மங்கவில்லை. பெரிதாக்கினால் இரண்டு கண்கள் இருக்குமிடம் தெரியும், அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வாயும் திறந்திருப்பது தெரியும். படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் முக்காலி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பல்லு சார், மூலையில அந்த வெள்ளை கண்ணை இழுக்குது. லேசா அப்பி எடுத்துடுங்க, யாருக்கும் தெரியாது." ஐந்து நொடி வேலை. அவர் இதை மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் முடியாது என்றேன். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அவளை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.